கரித்துண்டு: கலைக் கல்லூரி வாசலில் நிற்பவர்களுக்கு

மற்ற மாதங்களில் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகள் கதம்பமாக இருக்கும். தஞ்சாவூர்ப் படத்துக்குப் பூசிய மக்குப் பசை ஏன் வெடிக்கிறது, சுண்ணாம்புச் சுவரில் எழுதிய பெயிண்ட் ஏன் உரிகிறது, இப்படி. பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு எல்லாரும் ஒரே பக்கம் திரும்பிவிடுகிறார்கள். இந்த மாதக் கட்டில் பாதிக்கு மேல் கவின் கலைக் கல்லூரி, டிசைன் படிப்பு, சேர்க்கைக்குக் காட்டவேண்டிய படத்தொகுப்பான போர்ட்போலியோ. மக்குக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு 'நீ' என்றே எழுதுகிறேன். முப்பது வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்தவனுக்கு வேறு மாதிரி வராது.

கேள்வி: மூன்று வருடமாக வரைந்ததில் 60 படங்கள் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலும் பென்சில் உருவப்படங்கள். நடிகர்கள், அப்துல் கலாம், எங்கள் ஐயாவின் பழைய போட்டோ. பார்க்கிற எல்லாரும் 'போட்டோ மாதிரியே இருக்கு' என்கிறார்கள். பி.எப்.ஏ.வுக்கு (கவின் கலைப் பட்டப்படிப்பு) விண்ணப்பிக்கப் போகிறேன். போர்ட்போலியோவில் எத்தனை படம் வைக்கலாம்? எதை முதலில் வைப்பது? 12 படங்களை அனுப்பியிருக்கிறேன்.
— பிளஸ் டூ முடித்த மாணவி, பள்ளத்தூர்

பதில்: பன்னிரண்டையும் பார்த்தேன். கலாமின் தலைமுடியை இழை இழையாகப் போட்டிருக்கிறாய். அந்தப் பொறுமை எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் 'போட்டோ மாதிரியே இருக்கு' என்பதுதான் இங்கே சிக்கல். வெளிச்சம் எங்கிருந்து வரவேண்டும், முகத்தை எங்கே வெட்டவேண்டும், எது மங்கலாகவேண்டும் என்பதையெல்லாம் கேமராக்காரர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். மீதி வேலையைத்தான் நீ செய்திருக்கிறாய். தேர்வு செய்ய உட்கார்ந்திருப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது, அந்த முடிவுகளை நீயே எடுக்கவேண்டி வந்தால் என்ன செய்வாய் என்று.

பத்தாவது படத்தின் கீழே 'இது சும்மா போட்டது' என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருந்தாய். கல்யாண வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டுத் தரையில் உட்கார்ந்து சீப்புச்சீடை சுருட்டுகிற இரண்டு ஆச்சிமார். அதில் தப்பு நிறைய. வலப்பக்கத்து ஆச்சியின் தொடை ஒரு முழம் நீண்டுபோய்விட்டது, தாம்பாளம் சாய்ந்து நிற்கிறது. இருந்தாலும் முதுகின் வளைவு சரி. உடம்பின் பாரம் முழுக்கத் தரையில் இறங்கியிருக்கிறது. மணிக்கணக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரிகிறது. அது எந்த போட்டோவிலிருந்தும் வந்ததில்லை. அதே விஷயத்தை அதே இடத்தில் உட்கார்ந்து இன்னும் பத்துத் தடவை வரை. பத்தில் ஒன்று தேறும். அதுதான் உன் முதல் பக்கம்.

எத்தனை படம் என்று கேட்டாய். கல்லூரி அறிவிப்பில் எண்ணிக்கையும் அளவும் போட்டிருந்தால் அதுதான் வேதம், ஒன்று கூட அதிகம் வைக்காதே. ஒன்றும் சொல்லவில்லை என்றால் பதினைந்திலிருந்து இருபதுக்குள் நிறுத்து. உன் அறுபதில் உருவப்படம் இரண்டு போதும். ஐயாவின் படத்தை வீட்டில் மாட்டிவிடு, அவர் சந்தோஷப்படுவார். மற்றதைப் புதிதாகத்தான் செய்யவேண்டும். கை, கால், பாதம் நிறைய. செருப்போடு பாதம், செருப்பில்லாமல் பாதம். அடுப்படிப் பாத்திரங்களை உன் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்து நாலைந்து. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உன் முகம் ஒன்று. செல்பியைப் பார்த்து வரையாதே, செல்பியில் மூக்கு பெருத்துவிடும். வண்ணத்தில் மூன்று நான்கு. கூடவே ஸ்கெட்ச் நோட்டிலிருந்து சில பக்கங்கள், அழிக்காமல், திருத்தாமல். தேர்வாளர்களில் பலர் முதலில் அதைத்தான் புரட்டுவார்கள்.

மிகச் சிறந்தது முதலில், அடுத்தது கடைசியில். நடுவில் சுமாரானது ஒன்று இருக்கிறதே என்று தோன்றினால் அதை எடுத்துவிடு. இருபதில் ஒரு மட்டமான படம் இருந்தால், அறையை விட்டு நீ வெளியே வந்த பிறகு அவர்கள் பேசிக்கொள்வது அதைப் பற்றித்தான்.

சில இடங்களில் படங்களை ஆன்லைனில் அனுப்பச் சொல்வார்கள். உங்கள் வீட்டுத் திண்ணை இதற்கென்றே கட்டியது போல. காலை வெயில் நேரே விழாத நிழலில் படத்தைச் சுவரில் ஒட்டி, போனைத் தாளுக்கு நேராகப் பிடித்து எடு. பிளாஷ் வேண்டாம். பில்டர் வேண்டவே வேண்டாம். நாலு ஓரமும் நேராக இருக்கிறதா பார். லேமினேஷன் செய்யாதே, வெளிச்சம் அடித்துக் கோடு தெரியாமல் போகும். ஜிகினாக் கரை ஒட்டுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது கோலப்போட்டிக்குச் சரி.

கேள்வி: எந்த பென்சில், எந்தத் தாள் வாங்குவது?
— கண்டனூர்

பதில்: எச்பி, 2பி, 4பி, 6பி நாலு பென்சில். சீவுவதற்கு பிளேடு, ஷார்ப்னர் முனையைக் குட்டையாக்கிவிடும். தினப்பயிற்சிக்கு விலையுயர்ந்த தாள் வாங்கினால் பயந்து பயந்து வரைவாய். ஏதாவது அச்சகத்தில் வெட்டு மிச்சத் தாளை எடைக்குக் கேள். கட்டாகக் கொடுப்பார்கள். கார்ட்ரிட்ஜ் என்கிற தடித்த டிராயிங் தாள் கடைசி மாதத்துக்கு.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். சயின்ஸ் குரூப் சேர்த்தோம். இப்போது ஓவியம்தான் படிப்பேன் என்கிறாள். இது சோறு போடுமா? ஒரு பயிற்சி மையத்தில் போர்ட்போலியோ முழுவதையும் அவர்களே தயார் செய்து தருவதாகச் சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஒரு தகப்பனார், கோட்டையூர்

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். 'தயார் செய்து தருகிறோம்' என்பவர்கள் செய்து தருவது அவர்களுடைய போர்ட்போலியோவை. ஒரே மையத்திலிருந்து வந்த பிள்ளைகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். அதே மண்பானை, அதே நீலத்துணி, பானையின் அதே இடத்தில் அதே வெள்ளைப் பொட்டு. என் கண்ணுக்கே பிடிபடுகிறது என்றால் வருடாவருடம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாதா? கையைப் பிடித்துத் திருத்திக்கொடுக்கிற ஆசிரியர் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் அது வேறு. அதற்குச் செலவு செய்யுங்கள்.

அப்புறம், ஓவியம் என்று அவள் சொல்வது எதை என்று உட்கார்த்திக் கேளுங்கள். பாதை இரண்டாகப் பிரிகிறது. பி.எப்.ஏ. என்பது நான்கு வருடக் கவின் கலைப் பட்டம். அரசுக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன, கட்டணம் மிகக் குறைவு. மரபுச் சிற்பம், கோயில் கட்டடக்கலை என்றால் மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி. வெளி மாநிலம் அனுப்பத் தயார் என்றால் பரோடா பல்கலைக்கழகத்தின் கவின் கலைப் பிரிவு, 1919-இல் பிறந்த சாந்திநிகேதன் கலாபவனம். இங்கெல்லாம் பார்ப்பது கண்ணையும் கையையும்.

டிசைன் படிப்பு வேறு. அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம், ஐ.ஐ.டி.களின் பி.டெஸ். என்கிற டிசைன் பட்டப்படிப்புக்காக ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் யுசீட் தேர்வு, ஆடை வடிவமைப்புக்கு நிப்ட். இங்கே வரையத் தெரிந்தால் மட்டும் போதாது, யோசிக்கவும் தெரியவேண்டும். நிப்ட்டின் ஒரு தேர்வில் கையில் சில பொருள்களைக் கொடுத்து, ஒரு சூழ்நிலையைச் சொல்லி, இதை வைத்து ஏதாவது செய்து காட்டு என்பார்கள். உங்கள் மகள் சயின்ஸ் படித்தது இதற்கு ஒரு தடையுமில்லை. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோறு போடுமா என்றால், போடும். முதல் நாலைந்து வருடம் குழம்பு கொஞ்சம் தண்ணியாக இருக்கும். விளம்பரம், அனிமேஷன், கேம், சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட், துணி வடிவமைப்பு, பள்ளிக்கூடம் என்று இப்போது கதவுகள் அதிகம். ஓவியர் ஆதிமூலத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1969 காந்தி நூற்றாண்டையொட்டி அவர் போட்ட கோட்டோவியங்களை இன்றைக்கும் பேசுகிறோம். அவரும் நெசவாளர் சேவை மையத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தான்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமென்ட் கல், செய்கிற வேலை. அப்பாவோடு பட்டறையில் ஆறு வருடமாக நானும் போடுகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டுக் கலைக் கல்லூரிக்கு அப்ளை செய்யலாம் என்று இருக்கிறேன். நான் போட்ட கற்களை போர்ட்போலியோவில் காட்டலாமா? 'அது வேலைதானே, கலை இல்லையே' என்கிறான் நண்பன்.
— ஆத்தங்குடி

பதில்: தம்பி, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது உன்னுடையதுதான்.

முதலில் உன் நண்பனுக்கு. சென்னைக் கவின் கலைக் கல்லூரியை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற மருத்துவர். அன்றைக்கு அது கலையும் தொழிலும் சேர்ந்தே கற்றுக்கொடுத்த இடம். மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை எல்லாம் அங்கே பாடம். பிற்காலத்தில் அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார். அங்கே போன ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றுகிற துணி), கைவினைப் பொருள் என்று செய்து விற்றுத்தான் படம் வரைய நேரம் சம்பாதித்தார்கள். வேலைக்கும் கலைக்கும் நடுவில் உன் நண்பன் போடுகிற சுவர் அங்கே இல்லை.

இப்போது உன் விஷயம். வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: தட்டையான கண்ணாடியைக் கீழே வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குவார்கள். மேலே உலர்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பிறகு ஈரச் சாந்தை வைத்து அமுக்கி மட்டம் செய்வார்கள். அப்புறம் சில நாள் தண்ணீரில் கிடக்கும். கண்ணாடியோடு ஒட்டியிருந்த பக்கம்தான் பிறகு நாம் நடக்கிற முகம். அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது.

கவனித்தாயா? ஆறு வருடமாக நீ படத்தைப் பின்பக்கமிருந்து போட்டுக்கொண்டிருக்கிறாய். முகம் கீழே, முதுகு உன் பக்கம். எது முதலில் ஊற்றப்படுகிறதோ அதுதான் முன்னால் தெரியும். பூ நாலு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இடவலம் மாறுவது உனக்கே தெரியாமல் போயிருக்கலாம். அடுத்த கல்லில் உன் பெயரின் முதல் எழுத்தை ஊற்றிப் பார், புரியும். என் அப்பா காரைக்குடி கொப்புடையம்மன் கோவில் பக்கம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை, போர்டு எழுதியவர். கடைகளுக்குக் கண்ணாடி போர்டு வந்தால் பின்பக்கமிருந்து எழுத்தைத் திருப்பிப்போட்டு எழுதுவார். ஓரக்கோடும் மினுக்கும் முதலில், பின்னணி வண்ணம் கடைசியில். சாதாரணமாக வரைவதற்கு நேர் எதிர். கலைக் கல்லூரியில் பதிப்போவியம் என்று ஒரு துறை உண்டு. தகட்டிலும் கல்லிலும் மரத்திலும் வரைந்து, மை தடவித் தாளில் ஒற்றி எடுப்பது. அங்கே சேர்கிற பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறுவது இந்த இடவல மாற்றத்தில்தான். உனக்கு அது கை பழகிய விஷயம். நேர்காணலில் கேட்டால் இதைச் சொல், புத்தகத்தில் படித்ததைச் சொல்லாதே.

ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை. அச்சு உங்கள் ஐயா காலத்தது என்றால் பூவை நீ வரைந்ததாகக் காட்டக்கூடாது. 'அச்சு குடும்பத்தில் இருந்தது, வண்ணச் சேர்க்கை என்னுடையது' என்று படத்தின் கீழே எழுது. அப்படி எழுதியதால் ஒரு மதிப்பெண்ணும் குறையாது. உன் சொந்தக் கோலம் நாலைந்து வரைந்து, அச்சில்லாமல் கையாலேயே ஊற்றிப் பார். கலங்கிப்போன கல், வண்ணம் ஒன்றுக்குள் ஒன்று ஓடிய கல், அதையும் போட்டோ எடுத்து வை. எப்படிக் கற்றுக்கொண்டாய் என்பது அதில்தான் தெரியும்.

ஆனால் கல் மட்டும் போதாது. பட்டறையை வரையவேண்டும். குந்தி உட்கார்ந்திருக்கிற அப்பா, அச்சைத் தூக்குகிற நேரத்தில் மணிக்கட்டு, சுவரோரம் சாய்த்த கண்ணாடிகளில் தெரிகிற வெளிச்சம், வண்ண டப்பாக்கள், தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கிற கற்கள். தண்ணீருக்கடியில் சதுரம் எப்படிக் கோணுகிறது என்று பார்த்திருக்கிறாயா? அதை வண்ணத்தில் போட முயற்சி செய். முதலில் சரியாக வராது.

நேர்காணலுக்கு ஒரே ஒரு கல்லை எடுத்துப் போ. பத்துக் கல்லைத் தூக்கிக்கொண்டு பல்லவன் ரயிலில் ஏறினால் எழும்பூரில் இறங்கும்போது கை பென்சில் பிடிக்காது.

கேள்வி: சென்னைப் பிள்ளைகளுக்கு மியூசியம், கேலரி, கண்காட்சி எல்லாம் இருக்கிறது. எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? எதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது?
— கானாடுகாத்தான்

பதில்: கானாடுகாத்தானில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறாயே! சுற்றுலா வருகிறவர்கள் உன் தெருவில் நின்று படம் எடுக்கிறார்கள், நீ அவர்களைத் தாண்டி எங்கேயோ பார்க்கிறாய்.

ஏதாவது ஒரு பெரிய வீட்டு முகப்பு வாசலில் அனுமதி கேட்டு உட்கார். நேரே பார்த்தால் வளவு என்கிற தூண் வைத்த முற்றம், அதற்குப் பின்னால் அடுத்த கட்டு, அதற்கும் பின்னால் கொல்லைக் கதவு. நிலைக்குள் நிலை, அதற்குள் இன்னொரு நிலை. தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவதை வரைகிற பெர்ஸ்பெக்டிவ் பாடத்துக்கு இதைவிட நல்ல கரும்பலகை எந்தக் கல்லூரியிலும் கிடையாது. தரையில் ஓடுகிற கல் வரிசையும், மேலே உத்தரமும், தூண்களின் தலையும் எல்லாம் சேர்ந்து கடைசி வாசலில் ஒரு புள்ளியைத் தேடிப் போகின்றன. அந்தப் புள்ளி எப்போதும் உன் கண் மட்டத்தில் இருக்கும். திண்ணையில் உட்கார்ந்து ஒன்று, எழுந்து நின்று ஒன்று வரைந்து பார், புள்ளி உன்னோடு சேர்ந்து ஏறும். அதே வீட்டில் வெளிச்சமும் படிக்கலாம். மத்தியானம் முற்றத்தில் வெயில் கொட்டும், தூணுக்குப் பின்னால் இருட்டு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் நுணுக்கமெல்லாம் மறைந்து வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஐந்து அழுத்தங்கள் மட்டும் மிஞ்சும். அந்த ஐந்தை மட்டும் போடு.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருமே வாட்டர்கலரில் ஒரு 'செட்டிநாட்டு வீடு' வைத்திருப்பார்கள். காகிதப்பூக் கொடி, வில்லுவண்டி, நீல வானம். அஞ்சலட்டை. அதை நீயும் செய்யாதே. பூட்டிக் கிடக்கிற வீட்டுச் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காவல்காரப் பெரியவரை வரை. மழையில் கரும்பச்சை படிந்த சுதைப் பொம்மையை வரை. லட்சுமிக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பானே, அவனுடைய மூக்கு விழுந்த முகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மியூசியமே வேண்டும் என்றால் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் அரசு அருங்காட்சியகம் 1910-லிருந்து இருக்கிறது. அங்கிருந்து சித்தன்னவாசல் பக்கம். குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கால ஓவியம் என்கிறார்கள். அழிந்தது போக மிஞ்சியிருப்பதைப் பார்த்தாலும், ஒரு தண்டைப் பிடித்திருக்கிற விரல்களை எத்தனை குறைவான கோட்டில் முடித்திருக்கிறான் என்று தெரியும். கழுத்து வலிக்கும், பரவாயில்லை. திரும்பும்போது திருமயம் சாலையில் நமணசமுத்திரத்தில் இறங்கு. ஐயனார் கோவிலில் வேளார்கள் என்கிற குயவர்கள் செய்த மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. கால்கள் குழாய், வயிறு பெரிய குழாய், கழுத்து சாய்ந்த குழாய். உருண்டை வடிவம் பழக அந்த ஒரு குதிரை போதும். பக்கவாட்டில் எல்லாரும் வரைந்துவிடுவார்கள். நேர் எதிரே நின்று, வயிறு பின்னால் குறுகுவது தெரிகிற மாதிரி வரைந்துவிட்டால் எனக்கு அனுப்பு.

கேள்வி: டேப்லெட்டில் வரைந்ததை வைக்கலாமா? ஏ.ஐ. வைத்து ஐடியா எடுக்கலாமா?
— காரைக்குடி

பதில்: டேப்லெட் படம் இரண்டு மூன்று வைக்கலாம், அனிமேஷன் பக்கம் போகிறாய் என்றால் இன்னும் கொஞ்சம். ஏ.ஐ. போட்டதை உன்னுடையது என்று வைத்தால் திருட்டு. அதைவிட ஒரு நடைமுறைக் காரணம் இருக்கிறது. தேர்வு அறையில் ஒரு தாளைக் கொடுத்து, 'எதிரே இருப்பதை வரை' என்பார்கள்.

கேள்வி: எனக்கு ஒரு படத்துக்கு ஒரு வாரம் ஆகிறது. நுழைவுத் தேர்வில் மூன்று மணி நேரத்துக்குள் எப்படி முடிப்பது? நினைத்தாலே கை வியர்க்கிறது.
— திருப்பத்தூர்

பதில்: என் கதையைச் சொல்கிறேன். நான் முதல் தடவை நுழைவுத் தேர்வு எழுதப் போனது ஒரு கல்லூரியில், எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். எதிரே வயதான ஒருவரை முக்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். தலைப்பாகை, வேட்டி, கையில் தடி. அருமையான முகம். நான் கண்ணில் ஆரம்பித்தேன். இமை மயிர், கண்ணுக்கடியில் சுருக்கம், அப்புறம் மூக்கு, மீசை. பக்கத்திலிருந்தவன் எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினான், எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணி அடித்தபோது என் தாளில் ஒரு தலை இருந்தது. தாளின் நட்டநடுவில். உடம்பே இல்லை, தடியும் இல்லை. மேற்பார்வையாளர் தாளை வாங்கிக்கொண்டு, 'பெரியவரோட மீதியை எங்கப்பா விட்டுட்டு வந்தே?' என்று கேட்டார். அந்த வருடம் போயிற்று.

ஊருக்கு வந்து அப்பாவோடு போர்டு எழுதினேன். அவர் சுண்ணாம்புப்பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துத் தட்டி, முழுப் பலகைக்கும் கோடு விழுந்த பிறகுதான் முதல் எழுத்தைத் தொடுவார். 'கடைசி எழுத்துக்கு இடம் இருக்கான்னு பாத்துட்டு முதல் எழுத்தை எழுது' என்பார். எனக்குத் தேவைப்பட்ட பாடம் வீட்டிலேயே இருந்திருக்கிறது, நான்தான் ரயிலேறிப் போய்க் கோட்டைவிட்டேன்.

ஆகவே நீ செய்யவேண்டியது: முதல் கால்மணி நேரத்துக்குள் எதிரே இருப்பது முழுவதும் மெல்லிய கோட்டில் தாளுக்குள் வந்துவிட வேண்டும். உச்சந்தலை இங்கே, பாதம் இங்கே என்று மேலேயும் கீழேயும் முதலில் குறித்துக்கொள். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் தலையின் உயரத்தைக் கட்டைவிரலால் பிடித்து, உடம்பு எத்தனை தலை வருகிறது என்று அள. நிற்கிற ஆள் ஏறக்குறைய ஏழரைத் தலை. உட்கார்ந்திருந்தால் நீயே அளந்துகொள், மனப்பாடத்தை நம்பாதே. முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். அதன் பிறகு பெரிய நிழல்களைப் படம் முழுவதும் ஒரே சமயத்தில் போடு. கண், மூக்கு எல்லாம் கடைசி முக்கால் மணிக்கு. எந்த நிமிடத்தில் தாளைப் பிடுங்கினாலும் அது ஒரு முழுப்படமாக இருக்கவேண்டும்.

வேகத்துக்கு வேறு மருந்து. காரைக்குடிப் பழைய பேருந்து நிலையத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸுக்காக நிற்கிறவர்களை ஆளுக்கு ஒரு நிமிடம். அவர்கள் உனக்காக நிற்கமாட்டார்கள், திரும்புவார்கள், பஸ் வந்தால் ஓடுவார்கள். அதுதான் வேண்டும். முகம் வேண்டாம். எந்தக் காலில் பாரம், முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது, பை எந்தத் தோளை இழுக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருபது. வீட்டுக்கு வந்து, தாளையே பார்க்காமல், பொருளின் ஓரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டே அதே வேகத்தில் கையை நகர்த்தி ஒன்று வரை. பார்க்கச் சிரிப்பாக வரும். கண்ணும் கையும் ஒரு கயிற்றில் கட்டப்படுவது அப்படித்தான். வாரம் ஒரு நாள், ஞாயிறு என்று வைத்துக்கொள், மூன்று மணி நேரத்துக்கு அலாரம் வைத்து ஒரு முழுத் தேர்வு. அலாரம் அடித்ததும் பென்சிலைக் கீழே போட்டுவிடு, இன்னும் ஒரு நிமிடம் என்று ஏமாற்றாதே. கை வியர்ப்பதற்கு ஒரு துண்டை மடித்துக் கைக்கடியில் வைத்துக்கொள். நிழலும் கலையாது.

கேள்வி: போன வருடமும் கிடைக்கவில்லை, அதற்கு முந்தின வருடமும். இந்த வருடமும் எழுதட்டுமா?
— தேவகோட்டை

பதில்: வயது வரம்பு தாண்டவில்லையா என்று அறிவிப்பைப் பார்த்துக்கொள். உன் இரண்டு வருட ஸ்கெட்ச் நோட்டுகளைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்வதாக இல்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் நான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளுக்கு எதிரே இருப்பேன். பழைய எனாமல் தூக்குகள், டிரங்குப் பெட்டி, பூட்டு, உடைந்த ரவிவர்மா படச்சட்டம் எல்லாம் தெருவிலேயே குவிந்து கிடக்கும், வரைய நல்ல இடம். நோட்டுகளை எடுத்துக்கொண்டு வா, சேர்ந்து உட்காரலாம். முக்காலி நீ கொண்டு வா. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.